நைனா, தூக்கு!

போன வாரம் திருத்தணி மலைப்படியில் பாதி ஏறிவிட்டு, மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தேன். சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன நடை இது. பக்தி என்று சொன்னால் முருகனே சிரிப்பார்.

"சார்... பேப்பர்ல எழுதுற சார்தானே நீங்க?"

பெருமையாகத்தான் திரும்பினேன். வாசகர் அடையாளம் கண்டுகொண்டால் தொப்பை தானாக உள்ளே போகும் இல்லையா?

சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அவள் அம்மா நின்றிருந்தார். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் குடும்பமாம். "ஆடிக் கிருத்திகையப்ப இந்தப் படியப் பத்தி எழுதினீங்களே சார்... அந்த நைனா எங்க வீட்டுக்காரருதான்" என்றார்.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். படிக்குப் படி உட்கார்ந்து, "நைனா, தூக்கு" என்று அழுத ஒரு நாலு வயதுக் குழந்தை. தோளில் சுமந்துபோன அப்பா. 'கடவுள் கால் எதற்குக் கொடுத்தார்? செல்லம் கொடுத்தே கெடுக்கிறோம்' என்று விளாசியிருந்தேன். எத்தனை பாராட்டு வந்தது! நானும் குளிர்ந்துபோனேன்.

"அதப் படிச்சிட்டு அவரு அப்புறம் பாப்பாவத் தூக்கவே இல்ல சார்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

குழந்தை சாப்பாட்டை ஒதுக்கியிருக்கிறாள். கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்திருக்கிறாள். அடம் என்றே நினைத்தார்கள் — அச்சிலேயே வந்துவிட்டதே! ஒருநாள் முகம் வீங்கி, மூச்சுவிடத் திணறியபோதுதான் சென்னைக்கு அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

"நெஞ்சு கன்னாபின்னான்னு அடிச்சிகினே இருந்துச்சாம் சார். தூங்குறப்பகூட ஓயலயாம். அடிச்சி அடிச்சி இதயமே களைச்சிப்போச்சுன்னாரு டாக்டரு. பொழைக்குமான்னு அழுதேன். 'ஆங், துடிப்பச் சரி பண்ணிட்டா இதயமும் தேறிடும்மா'ன்னாரு. மருந்து குடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா தேறிடுச்சி. இப்ப மலைப்படியே ஏறலாம்னுட்டாரு, அதான் வேண்டுதல முடிக்க வந்துகினு இருக்கோம்."

"உங்க வீட்டுக்காரர்..?"

"கீழ தேங்காய் வாங்கிகினு இருக்காரு. அவருதான் சார் இன்னும் தேறல. பாப்பா கேக்காமலே தூக்கிகினு திரியுறாரு."

யோசித்துப் பாருங்கள். நாலு வயதுக் குழந்தைக்கு 'படபடப்பாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியுமா? அவளுக்குத் தெரிந்தது 'தூக்கு' ஒன்றுதான். பெற்றவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் தூக்கினார். நான் அதையும் நிறுத்திவைத்தேன். அன்று பக்கத்தில் போய், "ஏம்மா, என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டிருந்தால் அந்த வாரத்துக்குக் கட்டுரை கிடைத்திருக்காதே!

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்... இரைப்பில் பேச்சு வரவில்லை. படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, பக்கத்துப் படியைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"உக்காந்துக்கோ தாத்தா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."