சாம்பிள் பெட்டி

"…பொட்டின்னுதானே எல்லாரும் சொன்னீங்க. இப்ப இந்த ஆளு சீட்டுன்றாரு. ரைட்டரய்யா, நீங்களே சொல்லுங்க, இன்னா இது?"

சலோமி கேட்டது என்னைத்தான். ஆவாரம்பட்டைக் கூடையைத் தலையில் வைத்தபடி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் பட்டை சுமக்கிறவள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் முதலாளியின் பழைய ஜெர்மன் மோட்டார் காரை. இது நடந்தது போன வாரம். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிறவன் பேச்சாவது நேராகப் போகும் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை.

பழைய மோட்டார்களாக வாங்கிச் சேர்க்கிற ஜமீன்தார் ஒருவர் இதையும் விலை பேசி, எடுத்துப்போக மெட்ராஸிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தார். கொட்டகை மூலையில் கிடந்த வண்டியின் மேல் பட்டைத் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. அவர் அதைத் துடைத்தார். பின்னாலிருந்த மூடியின் பிடியைத் திருகி, தன் பக்கமாக இழுத்துச் சாய்த்தார். மூடி நாற்காலி முதுகு போல நின்றது. "டிக்கி சீட்டு நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பேர் உக்காரலாம். இதுல போடற மெத்தை எங்கங்க?" என்றார்.

அந்த மெத்தை எங்கள் ஆபீஸ் பெஞ்சியில் கிடந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் உட்கார்ந்து தேய்த்திருந்தோம்.

அந்த வண்டி வந்த நாளை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது. ஷாப்பில் எப்போதும் சுண்ணாம்பும் பட்டையும் ஊறின தோலும் கலந்த ஒரு நாற்றம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோறே இறங்காது. பிறகு அந்த நாற்றம் இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வராமல் போயிற்று. அதற்கு நடுவே இந்த வண்டி, பாலேட்டு நிறத்தில், கூரையை மடித்துப் போட்டுக்கொண்டு, சிவப்புத் தோல் சீட்டு மணக்க வந்து நின்றது. மெட்ராஸில் எங்கள் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் துரை ஊருக்குத் திரும்பும்போது முதலாளிக்கு விற்றுவிட்டுப் போன வண்டி. துரை எப்போதும் தனியாகவே வருவார். பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

டிரைவர் பாஷா பாய்தான் முதலில் அந்த மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே அடியில் மெத்தை, மூடியின் உட்புறத்திலும் மெத்தை. தோல் வாங்குகிறவன் ஓட்டின வண்டி. மெத்தை வைத்த பெட்டி. தோல் ஊர்க்காரர்கள் எங்களுக்கு வேறென்ன தோன்றும்? சாம்பிள் தோல் கசங்காமல் கொண்டுபோகத்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். "சாமானுக்கே மெத்தை போடறான் பார்யா ஜெர்மன்காரன்" என்று பாஷா பாய் மெச்சினார். அடி மெத்தை இடத்தை அடைக்கிறதென்று அதை எடுத்து ஆபீஸில் போட்டோம். சாம்பிள் கட்டு ஜாஸ்தி பிடித்தது. எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

சலோமியின் புருஷன் ஆரோக்கியம் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழிக்குள் முழங்கால் வரை நின்றுகொண்டே ஊரைச் சிரிக்க வைப்பான். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டை ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். "நம்மூரு மாடு ஜெர்மனி போய் மோட்டார்ல குந்திக்கினு வந்துக்குது. நான் இன்னும் பள்ளிகொண்டா தாண்டல" என்றான். சலோமி விடவில்லை. "மாடுன்னா ஒழச்சிக்கும், அதான் போச்சு" என்றாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒரு கட்டுத் தோல் வந்தது. நோயில் செத்த மாடுகளின் தோல் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். ஆரோக்கியம் அதைத் தோளில் சுமந்து இறக்கினான். கழுத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. நடுவில் கரி வைத்த மாதிரி கறுப்பு. "வலியே இல்ல, அப்றம் இன்னா?" என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டான். வலிக்காததுதான் பொல்லாதது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மறுநாள் கழுத்து வீங்கித் தலை திரும்பவில்லை. அதற்கடுத்த காலையில் குழியோரம் சரிந்துவிட்டான். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலை ரயில் போய்விட்டது. முதலாளி யோசிக்கவே இல்லை. "நம்ம வண்டில ஏத்துங்கப்பா. சீட்டு போனா போவுது" என்றார். நல்ல மனிதர். நாலு பேர் தூக்கி முன்னால் பாஷா பாய் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். சலோமி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்குத்தான்மா எடம். அவன சாச்சிக்கினு ஓட்றதே கஷ்டம்" என்றார் பாஷா பாய்.

"அப்ப பின்னாடி பொட்டி மேல குந்திக்கிறேன் பாய். கெட்டியாப் புடிச்சிக்கிறேன்."

"வழுக்கி வுழுந்தேன்னா? நீ அடுத்த ரயில்ல வாம்மா. நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு அதற்குமேல் வாதாடத் தெரியவில்லை. புருஷனின் துணி மூட்டையை நீட்டினாள். பாஷா பாய் பெட்டியைத் திறந்து மூட்டையை உள்ளே வைத்து மூடினார். வண்டி கிளம்பியது. அவள் ரயிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலூர் ரோட்டில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். தூசு அடங்கினபோது அவளையும் காணோம்.

பாஷா பாய் திரும்பி வந்து சொன்னது இது. "மாதனூர் வரைக்கும் ஒரே பேச்சுதான்யா. 'பின்னாடி வர்றாளா பாரு பாய், எனக்குக் கழுத்து திரும்பல.' வர்றா, வர்றான்னு நான் பொய் சொல்லினே போனேன். பள்ளிகொண்டா தாண்டினதும் கேக்கறத நிறுத்திட்டான். தூங்கறான்னு நெனச்சேன்."

சலோமி பாதி நடந்து, பாதி மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் கையில் மூட்டையைத் திருப்பிக் கொடுத்த பாஷா பாய் அந்தப் பேச்சையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். அதன்பிறகு முதலாளி அந்த வண்டியில் ஏறவில்லை. இத்தனை நாள் விற்கவும் இல்லை. கொட்டகையில் தள்ளி, மேலே பட்டையைக் கொட்ட விட்டுவிட்டார்.

இப்போது ஜெர்மனியோடு சண்டை. துரைமார் யாரும் வருவதில்லை, அவர்கள் ஊருக்குச் சரக்கும் போவதில்லை. பாஷா பாய் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெட்டி உண்மையில் என்ன என்று தெரியாமலே போனது அவருக்கு நல்லதுதான். சுண்ணாம்புக் குழியில் இன்றைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கிருந்து சிரிப்புதான் வருவதில்லை.

ஆபீஸிலிருந்து ஒருவன் மெத்தையைக் கொண்டுவந்து கொடுத்தான். மெக்கானிக் பெட்டிக்குள் போட்டு அழுத்தினார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ரயிலடிக்கு இழுத்துப்போக மாடுகளைக் கொண்டுவந்தார்கள். சலோமி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டுதான் சலோமி" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையால் இரண்டு பாதங்களையும் துடைத்துக்கொண்டு, பின் மட்கார்டில் கால் வைத்து ஏறி, உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முதுகை, தோளைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி, மெல்லத் தட்டினாள்.