என் முட்டையும் மதிவதனி டீச்சரும்

மதிவதனி டீச்சரைப் பத்தாம் வகுப்புலேர்ந்து தூக்கணும்னு எழுதின மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. மறைக்க என்ன இருக்கு? நான்தான் போட்டேன், அமிர்தம்னு கொட்டை எழுத்துல.

நன்னிலத்துக்குப் பக்கம் எங்க ஊரு. மூணு மா நெலம், ஒரே பொண்ணு. சுடர்விழி அரசுப் பள்ளியில பத்தாவது. காலாண்டுல அறிவியலுக்கு நாப்பத்தொண்ணு வாங்கிட்டு வந்து நிக்கிறா. நோட்டைப் பிரிச்சா வெறும் கேள்வியா கெடக்கு, பதிலைக் காணோம். "டீச்சர் நோட்ஸ் குடுக்க மாட்டாங்கம்மா. நீ என்ன நெனைக்கிற, அதை எப்படிக் கண்டுபிடிப்பன்னுதான் கேப்பாங்க"ங்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இதைக் கேக்கவா சம்பளம் குடுக்குறாங்க? நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல உறுப்பினர் வேற. ஹெட்மாஸ்டர் பரணிதரன் சார் மனுவை நீட்டுனாரு, போட்டுட்டேன்.

அடுத்த வாரம் தாளடிக்கு, ரெண்டாம் போக நடவுக்கு, விதைநெல் தேத்துற வேலை. எங்க பக்கம் தண்ணியில முட்டையைப் போட்டு, அது மெதக்குற வரைக்கும் உப்பைக் கரைப்போம். முட்டை மேல வந்து எட்டணா காசு அளவு தலை காட்டுனா பதம் சரி. அதுல நெல்லைக் கொட்டுனா பதரெல்லாம் மெதக்கும், அரிச்சு வீசிடலாம். அடியில தங்குனதை நல்ல தண்ணியில அலசி விதைக்கு ஊறப்போடுவோம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து செய்யறேன், ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல.

டீச்சர் கேட்டுச்சு. வீட்டுல ஏன்னு கேக்காம செய்யற ஒண்ணைக் கொண்டாங்க, சோதிச்சுப் பாப்போம்னு வகுப்புல சொல்லியிருக்கு. எம்மவ நான் எடுத்து வச்ச முட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டா. அது ஒரு பிடி உப்புக்கே மெதந்துடுச்சாம். இதுதான் உங்கம்மா பதமான்னு வகுப்பே சிரிச்சிருக்கு. தெருவுல எனக்கு 'முட்டை அமிர்தம்'னு பேராயிப் போச்சு.

சும்மா விடுவேனா? முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நேரா வகுப்புக்கே போனேன். "ஏன் டீச்சர், பாடம் நடத்தத் துப்பில்ல, என் முட்டையை வச்சு வேடிக்கை காட்டுறீங்களா?"

டீச்சர் கோவப்படலை. "உள்ள வாங்கக்கா. அது ஏன் மெதந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சொன்னா இதுங்க எழுதிக்கிட்டுப் போயிடும். ஆனா அதனால உங்க நெல்லுக்குக் கெடுதியா இல்லையான்னு எனக்கு நிசமாவே தெரியாது. நீங்களே செஞ்சு காட்டுங்க."

தெரியாதுன்னு சொல்ற டீச்சரை அன்னிக்குத்தான் பாத்தேன்.

உப்பு வேறயா இருக்கும்னான் ஒருத்தன். சரின்னு ஒரே உப்பை எடுத்தோம். "முட்டை எத்தனை நாளுதுங்க?"ன்னு இன்னொருத்தி. அடை வச்சதுல மிஞ்சிப் போனது, ஒரு மாசம் இருக்கும்னேன். உடனே அன்னிக்கு இட்ட முட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு வாளி வச்சோம். என் முட்டை சட்டுனு மேல வந்துடுச்சு. புது முட்டைக்கு இன்னும் நாலு பிடி உப்பு வேண்டியிருந்துச்சு, அப்புறம் எங்க வீட்டு விதைநெல்லையே ரெண்டுலயும் கொட்டுனா அந்த வாளியில பதர் மொய்க்குது. என் வாளியில ஏதோ கொஞ்சம். முட்டை பழசானா உள்ள காத்து ஏறி லேசாயிடும்னு டீச்சர் அப்பத்தான் சொல்லுச்சு; உப்புப் பத்தாம என் பதரு அடியிலயே தங்கிடுச்சு. ரெண்டுலயும் தங்குன நெல்லை அலசி ஊறவச்சு, நூறு நூறா எண்ணி ஈரச்சாக்குல வச்சாங்க.

நாலாம் நாளு வேலையை விட்டுட்டுப் போய் நானே எண்ணுனேன். புது முட்டை நெல்லு தொண்ணூத்து மூணு முளைச்சிருக்கு. என்னோடது எழுபத்து நாலு. நம்பாம மறுபடியும் எண்ணுனேன். அதே எழுபத்து நாலு.

அய்யோ, போன வருஷம் நாத்தங்கால் சொட்டை சொட்டையா கெடந்ததுக்கு, விதை குடுத்த ரெத்தினத்தை நடுத்தெருவுல நிக்க வச்சுக் கிழிச்சேனே! வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு.

எண்ணுறப்ப டீச்சர் பக்கத்துல உக்காந்து பேசுச்சு. அது அப்பா செல்லதுரை மன்னார்குடிப் பக்கம் கூலிக்கு நாத்துப் பறிச்சவராம். "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ஆய்வுக்கூடம் பூட்டியே கெடக்கும்க்கா. ஊசல் ஆடுனதை நான் பாத்ததே இல்ல. முந்தின வருஷ நோட்டைப் பாத்து, எத்தனை தடவை ஆடுச்சுன்னு எழுதி முழு மார்க் வாங்கினேன். காலேஜ்ல ஸ்டாப்வாட்ச்சைக் கையில குடுத்தப்ப எதை அழுத்தணும்னு தெரியாம முழிச்சேன். என் பிள்ளைங்க பாக்காததை எழுதாது." இதைச் சொல்றப்ப மட்டும் அது குரல் கெட்டிப்பட்டுப் போச்சு.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். மனுவுல கையெழுத்துப் போட்ட அஞ்சு பேரும் இருந்தோம். ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பாத்து, "மாவட்டத்துலேர்ந்து ஆபீசர் நோட்டுங்களை ஆய்வு பண்ண வர்றாரு. பதிலெல்லாம் எழுதின மாதிரி நோட்டு இருக்கு, பிள்ளைங்களை அதைப் பாத்து எழுதச் சொல்லுங்க. மேல பதில் சொல்ல வேண்டியவன் நான். எழுதிட்டா மனுவை விட்டுடலாம், இல்லேன்னா பத்தாவது உங்களுக்குக் கெடையாது"ன்னாரு.

டீச்சர் எழுந்து நின்னு, "பாக்காததை எழுத வைக்க மாட்டேன் சார். வகுப்பை எடுத்துக்குங்க"ன்னுச்சு.

அவரு சுடர்விழி நோட்டைப் பிரிச்சாரு. "இதைப் பாருங்க. 'அம்மாவின் முட்டை, எழுபத்து நாலு'. பெத்தவளையா அசிங்கப்படுத்துறது? ஏம்மா அமிர்தம், இந்தப் பக்கத்தைக் கிழிச்சுடச் சொல்லட்டுமா?"

எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

"பேனாவைக் குடுங்க சார்"னேன். மனுவை இழுத்து என் கையெழுத்தை அடிச்சேன். "தெரிஞ்சுதான் போட்டேன், தப்பாப் போட்டேன். இவங்க வகுப்புல இல்லேன்னா எம்மவளும் பாக்காததை எழுதுவா. இந்த வருஷமும் நான் ரெத்தினத்தைத்தான் திட்டிக்கிட்டு நிப்பேன்." பேனாவைப் பக்கத்து ஆளுக்கு நீட்டுனேன். தயங்கித் தயங்கி இன்னும் ரெண்டு பேரு அடிச்சாங்க. ஹெட்மாஸ்டர் முகம் செத்துப்போச்சு. மனுவை மடிச்சு டிராயர்ல போட்டுட்டு, "அரையாண்டு வரைக்கும் இவங்களே நடத்தட்டும், பாப்போம்"னாரு.

"நல்லாப் பாருங்க. இப்ப அந்த நோட்டை இப்படிக் குடுங்க. அம்மான்னு மட்டும் எழுதியிருக்கா, எந்த அம்மான்னு வர்ற ஆபீசருக்கு எப்படித் தெரியும்?"

எழுபத்து நாலுக்குப் பக்கத்துல எழுதினேன், அமிர்தம்னு, அதே கொட்டை எழுத்துல.