கப்பலில் யார் கட்டிவிடுவார்கள்?

லிங்கராஜபுரத்தில் நான் தையல் கடை வைத்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, கையில் மனைவியின் பட்டுப்புடவை. மகன் அவர்கள் இருவரையும் சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் கப்பலில் அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தானாம். மனைவிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. வேலைக்கு வரும் பெண்தான் தினமும் புடவை கட்டிவிடுவாள்.

“கப்பல்ல யாரும்மா கட்டிவிடுவாங்க? எனக்குச் சொல்லிக்குடுங்க.”

“சுடிதார் தைச்சுக் குடுக்கட்டுமா சார்? சுலபமா இருக்கும்.”

“ஒத்துக்க மாட்டா. கப்பல் டின்னருக்குப் பட்டுதான் கட்டுவேன்னு நிக்கறா.”

பத்து நாள் மத்தியானத்தில் வந்து, கடையில் இருந்த பொம்மைக்குக் கட்டிப் பழகினார். கொசுவம் மடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். ஒரு மடிப்பு கோணினாலும் எல்லாவற்றையும் உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

பிறகு ஆளைக் காணோம். கப்பலில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சவரம் செய்யாத முகத்தோடு கடை வாசலில் வந்து நின்றார்.

“கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி போயிட்டாம்மா. கடைசியா நான்தான் கட்டிவிட்டேன். படுத்திருக்கறவளுக்குக் கொசுவம் வைக்க வரல. அதை நாம பழகவே இல்லையே.”

“உள்ள வந்து உக்காருங்க சார்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். என்மேல் குறைப்பட்டுக்கொண்டாரா, சொல்ல வேறு ஆளில்லாமல் வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.