முனியாண்டி முன்னால் மீறிய சத்தியம்

எனக்கு எழுத்துத் தெரியாது. பேரன் கைப்பேசியில் தட்டுகிறான், கோபம் என்னுடையது.

இன்று காலை திகாம் பத்து ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "பா, என் கூட்டாளி சாகணும்போல இருக்குங்கிறா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா."

அவர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, "அடுத்தவன் வீட்டு வம்பு நமக்கெதுக்கு? ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளி தின்னவன் எவனாச்சும் இப்படிப் பேசுனானா லா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசுனான் தம்பி. மரவள்ளி தின்னவன் நான் சொல்றேன்."

என் கூட்டாளி மாரிமுத்துவின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப்போனார்கள். அவர் திரும்பவில்லை. பதினாலு வயதில் அவன் சாகப்போகிறேன் என்றான். சூடம் கிடைக்காததால், முனியாண்டி முன்னால் என்னைக் கொள்ளியை அணைக்கச் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். நான் நேரே அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதன்பிறகு தோட்ட லயத்தில் யாரும் அவனைத் தனியே விடவில்லை.

பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவன் என்னைச் "சத்தியம் மீறுனவனே" என்றுதான் கூப்பிட்டான்.

இதைக் கேட்ட அந்தப் பெண்ணின் அப்பா ரொட்டியை வைத்துவிட்டு மகளிடம், "அந்தப் பிள்ள வீடு எங்க? வா, போவோம்" என்றார்.

முனியாண்டி இன்றுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. உங்களில் இப்படிச் சத்தியம் மீறிய யாரையாவது கேட்டாரா, சொல்லுங்கள்.