எவருக்கும் தோன்றக்கூடியது

என் தங்கை யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ச் சுவரில் செருகியிருக்கும் சார்ஜரைத் தொடுவாள். அதுவும் புறங்கையால். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் வைத்து, ஒரு கணம் யோசித்து, "இதைக் கழட்டிடுங்க" என்றோ "பரவால்ல, நல்ல சாமான்" என்றோ சொன்ன பிறகே நலம் விசாரிப்பாள். "மேடம் முதல்ல பிளக்கைப் பாக்கும், அப்புறம்தான் ஆளைப் பாக்கும்" என்பார் அவள் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் எங்கள் மாப்பிள்ளை. யார் எந்தச் சுவரை நோக்கி ஓட்டினாலும் பதறாத மனிதர்.

ஏன் புறங்கை என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். "கரண்ட் கசிஞ்சா கை தானா மூடிக்கும் அண்ணி. உள்ளங்கைன்னா அதையே கெட்டியாப் பிடிச்சுக்கும். புறங்கைன்னா விலகி வந்துடும்" என்றாள் தங்கை. அன்றிலிருந்து என் மனைவி இட்டிலிப் பானை முதல் இஸ்திரிப் பெட்டி வரை எல்லாவற்றையும் புறங்கையால்தான் தொடுகிறாள்.

தங்கை மின்பொறியாளர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிகளை வடிவமைப்பது அவள் படித்த படிப்பு. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டப் போனவன். ஆகவே இங்கே மின்சாரம் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் அவளிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய இடம் சோதனைக்கூடத்து மூலை மேசை. கம்பிச் சுருள்கள், ஈயம் உருகும் புகை, பச்சைக் கோடு நெளியும் ஒரு திரை. பெட்டி 'டப்' என்று வெடித்தால் மற்றவர்கள் பின்னால் நகர்வார்களாம், இவள் முன்னால் நகர்வாளாம். "வெடிச்சாத்தானேண்ணே எங்க தப்புன்னு தெரியும்?" மாப்பிள்ளை அவளை முதன்முதலில் பார்த்தபோது ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது. "எச்சரிக்கைப் பலகை அப்பவே கண்ணுல பட்டுது மச்சான். நான்தான் பிரேக் போடல" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு அவளுக்கு எழுத்து நன்றாக வருகிறது என்று கண்டுகொண்ட நிறுவனம், மாடியில் காப்புரிமைப் பிரிவுக்கு அனுப்பியது. மற்றவர்கள் கண்டுபிடித்ததை அவள் எழுத வேண்டும். அவர்களுடைய உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாக்கியத்தால் வேலி கட்டும் வேலை. ஒரு சொல் தளர்ந்தாலும் பக்கத்து நிறுவனத்துக்காரன் உள்ளே நுழைந்துவிடுவான். 'ஒன்று' என்று எழுதாமல் 'குறைந்தது ஒன்று' என்றுதான் எழுதுவார்களாம், இரண்டு வைத்தவனும் தப்பாதபடி. அந்தப் பாஷை அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

"எத்தனை காபி போடட்டும்?" என்று அடுப்படியிலிருந்து மாப்பிள்ளை கேட்பார்.

"குறைந்தது ஒண்ணு."

"அப்படின்னா ரெண்டா?"

"ரெண்டும் அதுல அடங்கும்."

ஊரார் கண்டுபிடிப்புக்கெல்லாம் வேலி கட்டியவளுக்குத் தன் பெயரில் ஒன்றுகூட இல்லை. மூலை மேசையில் அவள் செய்தவை பெட்டிகளுக்குள் போய் மூடிக்கொண்டன. அப்போது அவற்றுக்கு விண்ணப்பம் போட யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போதுதான், நெடுநாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்த ஒன்றைத் தன் பெயரில் எழுதி அனுப்பினாள். இதை விட்டால் வேறு இல்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். பெரிய மின்பெட்டிகளை அணைத்த பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் கை வைத்தால் தூக்கி அடிக்கும். இளவயதில் அவளையே ஒருமுறை அலமாரி வரை தூக்கி அடித்திருக்கிறது. தேங்கியதை வடிக்க வழக்கமாக 'ரெசிஸ்டர்' என்கிற மின்தடையம் ஒன்றைப் போட்டுவைப்பார்கள். அது பெட்டி ஓடும்போதும் சும்மா சூடாகிக்கொண்டே இருக்கும். தங்கை அந்த வடிகாலுக்கு ஒரு கதவு வைத்தாள். பெட்டிக்கு வரும் மின்சாரமே கதவைச் சாத்திப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் பிடி விட்டுப்போய்க் கதவு தானாகத் திறந்து, தேங்கியதெல்லாம் வடிந்துவிடும்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது: "இத்துறையில் தேர்ந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே."

அன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்தும் சார்ஜரைத் தொடவில்லை. நேராக வந்து உட்கார்ந்தாள். "தோணும்தான். ஒருத்தருக்குத் தோணினதுக்கு அப்புறம் எல்லாருக்கும் தோணும்" என்றாள். அவள் அலுவலக வக்கீல் சொன்ன காரணம்தான் வேடிக்கை. அவள் எழுதியது அத்தனை தெளிவாம், படித்தவருக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று ஆகிவிட்டதாம். "கொஞ்சம் குழப்பி எழுதியிருக்கலாமே மேடம்?" என்றாராம். "குழப்புறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

விசாரணைக்கு நேரில் போனாள். மாப்பிள்ளைக்கு அன்று வகுப்பு இருந்ததால் துணைக்கு நான் போனேன். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நல்ல கண்ணாடிதான், ஆனால் பொருத்தியவர் அவசரக்காரர். ஓரத்தில் பசை வழிந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த எனக்குப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. தங்கை ஒரு வெள்ளைத்தாளை அதிகாரியின் பக்கம் தள்ளினாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு எதையோ வரைந்தார். இவள் குனிந்து அந்தப் படத்தின்மேல் புறங்கையை வைத்தாள். வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரிப்பது தெரிந்தது.

வெளியே வந்ததும், "உள்ள என்னம்மா நடந்துச்சு?" என்றேன்.

"என் விண்ணப்பத்தைப் படிக்கிறதுக்கு முந்தி, இந்தச் சிக்கலுக்கு நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, வரைஞ்சு காட்டுங்கன்னேன். அந்தப் பழைய ரெசிஸ்டரைத்தான் வரைஞ்சார், பாவம், நேர்மையான மனுஷன். 'சுடுது சார், நானும் வருஷக்கணக்கா இதையேதான் வரைஞ்சிட்டிருந்தேன்'னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"எழுத்துல வரும்ணே. வாங்க, பசிக்குது."

எழுத்தில் வந்தது. ஆட்சேபம் நீங்கி, காப்புரிமை கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியே தீருவேன் என்று மாப்பிள்ளை சான்றிதழையும் அவளையும் சேர்த்து என் கடைக்கு அழைத்து வந்தார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

"'கண்டுபிடிப்பாளர்: குறைந்தது ஒரு பொண்டாட்டி'ன்னு போட்டிருக்கணும் மச்சான். வெறும் பேரைப் போட்டுட்டாங்க" என்றார் அவர்.

கடையில் இருந்ததிலேயே குமிழி இல்லாத கண்ணாடியாகப் பார்த்து வெட்டினேன். ஓரம் தேய்த்து, துடைத்து, சான்றிதழை அதன் பின்னால் வைத்து, வெட்டு மேசையில் அவள் பக்கமாகச் சாய்த்து நிறுத்தினேன். மேசைக்குப் பின்னால், ஓரம் தேய்க்கும் சிறு இயந்திரத்தின் பழைய அடாப்டர் சூடேறிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மெல்லக் குனிந்து, கண்ணாடியில் தன் பெயர் தெரிந்த இடத்தில் புறங்கையை வைத்தாள்.

"சுடுதா?" என்றார் மாப்பிள்ளை.

அவள் கையை எடுக்கவில்லை.