“பொண்ணுக்குத்தான் கேக்குறேன்”

நாற்பத்தாறு வயதில் படிக்க ஆசைப்படுவது குற்றமில்லை. அதற்காக ஒளிந்து விளையாடுவதுதான் குற்றம். லென்ஸ்காரர் ஒளிந்துதான் விளையாடினார்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவர் அவர். முன்னறையில் கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதுகிறவர் பட்டம் வாங்கிய இளைஞர். ஒருநாள் ஒரு சீட்டில் பார்வைக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரின் கோணம் தப்பாக இருப்பதைக் கண்டு லென்ஸ்காரர் போய்ச் சொன்னார். “அண்ணே, நீங்க எந்தக் காலேஜ்?” என்று இளைஞர் சிரித்தார். அடுத்த வாரமே அந்தக் கண்ணாடி தலைவலியோடு திரும்பி வந்தது. அப்போதும் இவரை யாரும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துவிட்டது. கண் சோதிக்கும் படிப்புக்கு வயதானவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் மூன்றைக் கண்டுபிடித்து, லீவு போட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினார்.

முதல் இடத்தில், “பையனுக்கா சார், பொண்ணுக்கா?” என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டாள். பின்னால் வரிசையில் மீசை அரும்பாத பிள்ளைகள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அத்தனை பேரும் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. “பொண்ணுக்கு” என்றார்.

அங்கே பகல் வகுப்பு மட்டும்தான். இரண்டாவது இடத்தில் கண் சோதிக்கும் கருவி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் படத்தில்தான். மூன்றாவது இடத்தில் மாலை வகுப்பு இருந்தது. வரிசையாகக் கருவிகளும் இருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. படிவத்தை நீட்டினார்கள். மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்: மகளின் பெயரையும் அவளுடைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

மகள் கல்லூரியில் முதல் வருடமே தேறாமல் வந்துவிட்டவள். பெண்கள் பார்லரில் முடி வெட்டுகிறாள். நன்றாகவே வெட்டுவாள். நேர்காணல் தேதியைச் சொல்லப் பல்கலைக்கழகம் அவளைத்தானே கூப்பிடும்? கூப்பிட்டது.

“நான் முடி வெட்டுறது உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா இருக்காப்பா?” வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“ஐயோ, அப்படி இல்லம்மா.”

“பின்ன எதுக்கு எனக்குத் தெரியாம எழுதிக் குடுத்தீங்க?”

மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்காகத்தான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இருவரும் சிரித்துவிடுவார்களோ என்று பயம். தலையைக் குனிந்துகொண்டார். மகள் படிக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், “சரிப்பா, உங்களுக்காகப் போறேன்” என்றாள். அப்போதும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. பெற்ற மகளையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நேர்காணல் அன்று வெளியறை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒரு காகிதத்தை வைத்து முணுமுணுவென்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“அப்பா, கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ்?”

“குழி லென்ஸ். நடுவுல மெல்லிசு, ஓரம் தடிமன். அதனாலதான் பெரிய பிரேம் போட்டா அசிங்கமாத் துருத்திக்கிட்டு நிக்கும். இங்க ஒரு மெஷின் இருக்கு பாரு, கண்ணோட வளைவையே அளந்துடும். அது மட்டும் என் கைக்குக் கிடைச்சா...”

பாதியில் நிறுத்தினார். மகள் காகிதத்தைக் கீழே இறக்கியிருந்தாள்.

“அப்பா, இது யாருக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “எனக்குத்தாம்மா. கேக்க வெக்கமா இருந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“நேத்தே வேலைய விட்டுட்டேன்பா. சாயங்காலம்தான் பார்லர்ல கூட்டம் வரும். சாயங்கால வகுப்புன்னா எப்படி அங்க நிக்கிறது? என் இடத்துக்கு வேற பொண்ணு வந்தாச்சு.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது லென்ஸ்காரருக்கு. “வா, நான் வந்து பார்லர்காரம்மா கால்ல விழுந்தாவது...” என்று எழுந்தார். அதற்குள் உள்ளேயிருந்து மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள். கண் நிறைந்திருந்தது.

“எங்கயும் வர வேணாம். உள்ள போங்க. போய் உங்க பேரைச் சொல்லுங்க. நான் வேலைய விட்டது யாருக்காவது உதவட்டும்.”