ஏரிக்கரையில் சிவப்புத் துணி

எங்கள் ஊரான ஊரிகத்துக்குக் கீழே இருக்கிற ஏரியில் இப்போதும் நாமக்கோழிகள் நீந்துகின்றன. காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதன் கரை வழியாகத்தான் ஓடுகிறார்கள். யாராவது ஒரு லோடு மண் கொட்டினால், சாயங்காலத்துக்குள் அவர்களையே அள்ள வைத்துவிடுகிறோம். கூட்டத்தில் பேச எனக்கு வராது. மனுவில் கையெழுத்துப் போடுவதோடு சரி. அந்த ஏரிக்காக நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, எட்டு வயதில்.

அப்போது அப்பாவுக்கு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. எங்களோடு இருந்த அத்தை இரண்டு எருமைகள் வைத்திருந்தாள். ஏரிக்கரைப் புல்தான் அவற்றுக்குத் தீனி. ஒருநாள் பார்த்தால் கரை நெடுகக் குச்சிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வேறு ஊராக இருந்தால் யாரோ இடத்தை அளக்கிறார்கள் என்று புரிந்திருக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் சிவப்புத் துணிக்கு ஒரே அர்த்தம்தான்: வெடி வைக்கப் போகிறார்கள், தாண்டாதே. நடக்கப் பழகும்போதே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான்கு நாள் ஒருவரும் கரைக்கு இறங்கவில்லை. துணி துவைக்கிறவர்கள் குழாயடியில் சண்டை போட்டார்கள். எருமைகள் பசியில் கத்தின.

ஐந்தாம் நாள் காலை அத்தை அரிவாளை எடுத்தாள்.

"போவாதீங்க அக்கா. உங்க தம்பி வந்தா எனக்குத்தான் திட்டு வுழும்" என்றாள் அம்மா.

"எருமை புல்லு கேட்டுச்சுன்னு சொல்லு. அதையும் திட்டட்டும்."

அத்தை துணியைத் தாண்டிப் புல்லுக்குள் குனிந்துவிட்டாள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ஓர் அதிகாரியும், ஏரியை மண் போட்டு மூட அனுமதி கேட்டிருந்த காண்டிராக்டரும் இறங்கினார்கள்.

"பாருங்க சார், ஒரு ஈ காக்கா கிடையாது. யாருக்கும் உதவாத பள்ளம்" என்றார் காண்டிராக்டர்.

வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான், இரண்டு கைகளையும் விரித்து அதிகாரிக்கு முன்னால் போய் நின்றேன். "போயிடுங்க சார்! வெடிக்கப் போவுது!"

அவர் இரண்டடி பின்வாங்கினார். "வெடியா? யாரு வெச்சது?"

காண்டிராக்டர் சிரித்தார். "வெடி இல்ல சார். மனை பிரிக்க நம்ம ஆளுங்க அடிச்ச குச்சி."

"அனுமதியே தரல. அதுக்குள்ள மனையா?"

காண்டிராக்டரின் சிரிப்பு நின்றது. புல்கட்டோடு எழுந்தாள் அத்தை. "இந்தத் துணிக்குப் பயந்துதான் சார் நாலு நாளா யாரும் வரல. குச்சியைப் புடுங்கச் சொல்லுங்க. எத்தினி பேரு வராங்கன்னு நின்னு பாருங்க."

அதிகாரி நின்று பார்த்தார். கடைசிக் குச்சியைப் பிடுங்குவதற்குள் துணி மூட்டைகளோடு பாதி லைன் கரையில் இருந்தது. அனுமதி கிடைக்கவில்லை.

அன்று அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு பெரிய அதிகாரியிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன், பாவம் என்று யாரும் அடிக்காமல் விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெடி எங்கே என்று கேட்க அவர் திரும்பி வருவார் என்று, ரொம்ப நாள்வரை ஜீப் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.